சோழிக் கணக்கும் கம்ப்யூட்டர் கிரகணமும்



எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் மாணவன் ஒருவன் இருக்கிறான். சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை அவனுடைய தந்தை அவனை என் வீட்டுக்கு அழைத்து வந்தார். இழுத்து வந்தார் என்று சொன்னாலும் தவறில்லை.

"நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்க சார். எந்நேரமும் கம்ப்யூட்டர்ல ராக்கெட் விளையாட்டு. நேத்து ராத்திரி சாப்பாடுகூட வேணாம்னுட்டான். ஏன்டான்னு கேட்டா, அவன் விட்ட ராக்கெட்டைக் கிரகணம் பிடிச்சுடுச்சாம்!" என்றார்.

பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து விசாரித்தேன். அந்த விளையாட்டில் அவன் ஒரு விண்கலம் கட்டி, அங்குள்ள நிலாவில் இறக்கியிருக்கிறான். சூரிய ஒளியில் மின்சாரம் தரும் தகடுகளையும் ஒரு சிறிய பேட்டரியையும் கலத்தில் பொருத்தியிருக்கிறான். திடீரென்று தாய்க் கிரகம் குறுக்கே வந்து சூரியனை மறைத்துவிட்டது. பேட்டரி தீர்ந்தது. கலம் பேச்சு மூச்சில்லாமல் போய்விட்டது.

சொல்லி முடித்துவிட்டு அவன் கேட்டான்: "சார், அந்த விளையாட்டுல மாசா மாசம் தவறாம கிரகணம் வருது. நமக்கு மட்டும் ஏன் சார் அப்படி வர மாட்டேங்குது?"

நான் அவன் தந்தையைப் பார்த்து, "அண்ணே, இந்தக் கேள்வியைக் கேட்கிற பையனுக்குப் புத்தி சொல்ல வேண்டியதில்லை. நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னால் போதும்" என்றேன்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று சொல்வோர் கட்சியில் நான் இல்லை. திரையில் தெரிவதெல்லாம் உண்மை என்று நம்பிவிடுவோர் கட்சியிலும் நான் இல்லை. கிரகணத்தை எடுத்துக்காட்டாக வைத்து என் கட்சி எது என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கொண்டைக்கடலையும் மிளகும்

அந்த விளையாட்டின் பெயர் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்'. மெக்சிகோ நாட்டில் உருவாகி 2011-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் தாய்க் கிரகத்தின் பெயர் 'கெர்பின்'. அதன் ஆரம் 600 கி.மீ. மட்டுமே. நம் பூமியின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு 'மன்' என்ற ஒரு நிலா உண்டு. அதன் ஆரம் 200 கி.மீ. கெர்பினின் மையத்திலிருந்து 12,000 கி.மீ. தூரத்தில் அது சுற்றுகிறது.

இவற்றை நம் கைக்கு அடங்கும் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம். 1,000 கிலோமீட்டரை 1 சென்டிமீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். கெர்பின் ஒரு கொண்டைக்கடலை. அதன் நிலா ஒரு மிளகு. இரண்டுக்கும் இடையே 12 செ.மீ., ஏறக்குறைய ஒரு சாண் தூரத்துக்கும் குறைவு.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. விளையாட்டைச் செய்தவர்கள் அந்த நிலாவின் பாதையைச் சிறிதும் சாய்க்காமல் அமைத்திருக்கிறார்கள். கடலை சூரியனைச் சுற்றும் தளமும், மிளகு கடலையைச் சுற்றும் தளமும் ஒன்றே. இரண்டும் ஒரே மேசையின் மேல் உருளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எனவே ஒவ்வொரு சுற்றிலும் மிளகு ஒரு முறை கடலைக்கும் சூரியனுக்கும் நடுவே வந்தே தீரும். அப்போது கெர்பினில் சூரிய கிரகணம். ஒரு முறை கடலையின் நிழலுக்குள் போயே தீரும். அப்போது சந்திர கிரகணம். கிரகணம் பிடிக்காத மாதமே கிடையாது.

நம் மாணவனின் கலத்துக்கு நேர்ந்ததும் இதுதான். கெர்பினில் நிற்பவனுக்கு அது சந்திர கிரகணம். நிலாவில் நிற்பவனுக்கு, தாய்க் கிரகம் சூரியனை மறைப்பதால், அதுவே சூரிய கிரகணம். ஒரே நிழலை இரண்டு இடங்களிலிருந்து பார்க்கிறோம். பாடப் புத்தகத்தின் தட்டையான படத்தில் இதைப் பிடித்துக்கொள்வது கடினம். ஒரு கலத்தைப் பறிகொடுத்தவனுக்கு இது ஜன்மத்துக்கும் மறக்காது.

தேங்காயும் எலுமிச்சம்பழமும்

இனி நம் சொந்த உலகுக்கு வருவோம். அளவுகோல் அதேதான். பூமி 12.7 செ.மீ. விட்டமுள்ள ஒரு தேங்காய். சந்திரன் 3.5 செ.மீ. விட்டமுள்ள ஒரு சிறிய எலுமிச்சம்பழம். இரண்டுக்கும் இடையே 3.84 மீட்டர். சூரியன் எங்கே இருக்கும் தெரியுமா? தஞ்சைப் பெரிய கோயில் வாசலில் தேங்காயை வைத்தால், அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, 14 மீட்டர் விட்டமுள்ள ஒரு நெருப்புக் கோளமாக சூரியனை வைக்க வேண்டும்.

எலுமிச்சம்பழத்தின் பாதை, தேங்காய் சூரியனைச் சுற்றும் தளத்துக்கு ஏறக்குறைய 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஐந்து டிகிரி என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் 3.84 மீட்டர் தூரத்தில் அது 34 செ.மீ. ஆகிவிடுகிறது. அதாவது எலுமிச்சம்பழம் தன் சுற்றில் 34 செ.மீ. மேலே ஏறுகிறது, 34 செ.மீ. கீழே இறங்குகிறது. தேங்காயோ மையத்திலிருந்து மேலே ஆறரை செ.மீ., கீழே ஆறரை செ.மீ. மட்டுமே. எனவே பெரும்பாலான அமாவாசைகளில் எலுமிச்சம்பழத்தின் நிழல் தேங்காய்க்கு மேலோ கீழோ வெற்று வெளியில் போய் விழுகிறது. நமக்கு மாதா மாதம் கிரகணம் வராததற்குக் காரணம் இந்தச் சாய்வுதான்.

வீட்டில் இருக்கும் இரண்டு வளையல்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் சற்றே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அவை இரண்டே இடங்களில் வெட்டிக்கொள்ளும். அந்த இரண்டு வெட்டும் புள்ளிகளுக்கு நம் பழைய வானநூலார் வைத்த பெயர்கள் உங்களுக்குப் புதியவை அல்ல: ராகு, கேது! பாம்பு விழுங்கும் கதை ஒரு புறம் இருக்கட்டும். கணக்குப் போட்டவனுக்கு ராகுவும் கேதுவும் இரு புள்ளிகளே. அமாவாசையோ பௌர்ணமியோ வரும்போது சூரியன் இந்தப் புள்ளிகளில் ஒன்றின் அருகே இருந்தால் கிரகணம் உண்டு; இல்லையேல் இல்லை. சூரியன் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு வர ஏறத்தாழ 173 நாள் ஆகிறது. எனவேதான் கிரகணங்கள் சுமார் ஆறு மாத இடைவெளியில் கூட்டமாக வருகின்றன.

இன்னொரு வேறுபாடும் உண்டு. விளையாட்டின் நிலா சரியான வட்டத்தில் சுற்றுகிறது. அதன் தூரம் மாறுவதே இல்லை. நம் சந்திரனோ சில சமயம் 3,57,000 கி.மீ. வரை நெருங்கி வருகிறது. சில சமயம் 4,06,000 கி.மீ. வரை விலகிப் போகிறது. நெருங்கியிருக்கும்போது சூரியனை முழுதும் மறைக்கிறது. விலகியிருக்கும்போது அதன் வட்டம் சிறுத்து, சுற்றிலும் ஒரு நெருப்பு வளையம் மிஞ்சுகிறது. 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களில் தெரிந்தது இத்தகைய வளைய கிரகணமே.

அப்படியானால் விளையாட்டு பொய் சொல்கிறதா? இல்லை. அது ஒரு மாதிரி. எந்த மாதிரியும் சிலவற்றை வைத்துக்கொண்டு சிலவற்றை விட்டுவிடும். அந்த விளையாட்டிலேயே 'மின்மஸ்' என்ற இரண்டாவது நிலா ஒன்று உண்டு. அதன் பாதை 6 டிகிரி சாய்ந்தது. சாய்வைப் பற்றித் தெரியாமல் அவர்கள் விடவில்லை. விளையாடுவது சுலபமாக இருக்கட்டும் என்றே முதல் நிலாவுக்குச் சாய்வு வைக்காமல் விட்டிருக்க வேண்டும். எது விடப்பட்டது என்று கேட்பவன் விஞ்ஞானம் கற்கிறான். கேட்காதவன் விளையாட மட்டும் செய்கிறான்.

புதுச்சேரியில் சோழிக் கணக்கர்

கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் மனிதன் கிரகணத்தை முன்கூட்டியே நிகழ்த்திப் பார்க்கக் கற்றான் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்க்காரர்கள் அதைத் திண்ணையில் உட்கார்ந்து சோழிகளைக் கொண்டே செய்தார்கள்.

18-ஆம் நூற்றாண்டில் லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலார் புதுச்சேரிக்கு வந்தார். சூரியனின் முகத்தைச் சுக்கிரன் கடப்பதைக் காண்பது அவர் நோக்கம். 1761-இல் நிகழ்ந்த முதல் கடப்பின்போது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் அவர் கடலிலேயே நிற்க நேர்ந்தது. எட்டு ஆண்டுகள் காத்திருந்து 1769-இல் புதுச்சேரியில் தொலைநோக்கியைத் தயாராக வைத்தார். அன்று பார்த்து மேகம் மூடிக்கொண்டது! ஆனாலும் அவர் வெறுங்கையோடு ஊர் திரும்பவில்லை. இங்கே தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு போனார்.

அவருக்குக் கற்பித்த தமிழர், 1765 ஆகஸ்ட் 30-ஆம் நாளின் சந்திர கிரகணத்தை முக்கால் மணி நேரத்துக்குள் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் அவர் கணக்குக்கும் உண்மைக்கும் 41 வினாடிதான் வித்தியாசம். ஐரோப்பாவில் அக்காலத்தில் புகழ் பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணையோ 68 வினாடி தவறியது.

எப்படி முடிந்தது? சந்திரன் வானில் ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைகிறது, விலகும்போது தளர்கிறது. இந்த வேக மாற்றம் ஒன்பது முறை நிகழ்ந்து முடிய ஏறக்குறைய மிகச் சரியாக 248 நாள் ஆகிறது. எனவே 248 நாட்களுக்கும் சந்திரன் இருக்கும் இடத்தைக் குறித்து வைத்துவிட்டால், மீண்டும் மீண்டும் அதையே பயன்படுத்தலாம். அந்த எண்களை எழுத்துகளாக மாற்றி, எழுத்துகளைச் சிறு சிறு வாக்கியங்களாக அமைத்து மனப்பாடம் செய்தார்கள். இதுதான் வாக்கியக் கணிதம். வாக்கியங்கள் நினைவில், கூட்டல் கழித்தல் சோழிகளில். நம் மொழியில் சொன்னால் தகவல் தலைக்குள், கணக்கு தரையில்!

ஒரு வெற்றி போதுமா?

இந்த 41 வினாடிக் கதையைச் சொல்லி நம் முன்னோர் அறியாதது எதுவுமில்லை என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அவர்கள் அடுத்த கதையைச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

சுமார் அறுபது ஆண்டுகளுக்குப் பின், ஒரு காலத்தில் சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பில் இருந்த ஜான் வாரன் என்பவர், தென்னிந்தியக் காலக் கணக்குகளைப் பற்றி 'கால சங்கலித' என்ற பெரிய நூலை எழுதினார். 1825-இல் சென்னையில் அது வெளியாயிற்று. அதற்காக அவரும் புதுச்சேரிப் பக்கம் ஒரு பஞ்சாங்கக் கணக்கரைத் தேடிப் பிடித்தார். அந்தக் கணக்கரும் சோழிகளைத் தரையில் பரப்பி, 1825 மே 31 இரவு தொடங்கிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகிற்று. நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம்!

அவருடைய ஞாபகசக்தி அபாரமானது என்றும், ஆனால் கணக்கின் பின்னே உள்ள கொள்கை எதுவும் அவருக்குத் தெரியாது என்றும் வாரன் எழுதியிருக்கிறார்.

இதை வைத்து அந்தக் கணக்கரைக் கேலி செய்வது சுலபம். நான் செய்ய மாட்டேன். எழுதுகோல் இல்லாமல், காகிதம் இல்லாமல், நினைவில் நின்ற எண்களைக் கொண்டே ஒரு கிரகணத்தைச் சொல்வது சாமானியமான காரியமா? என் கவலை வேறு. அவர் கையில் இருந்த அட்டவணை பல நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ வகுத்தது. நாளுக்கு ஒரு வினாடி பிசகும் கடிகாரம் ஓர் ஆண்டில் ஆறு நிமிடம் பிசகிவிடும். நம் டெல்டா விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைமடையில் சிறிய கசிவாக இருப்பது, கடைமடையில் காய்ந்த வயலாக வந்து நிற்கும். அட்டவணை எந்த இடத்தில் கசிகிறது என்பதைக் கண்டுபிடிக்க, அது எப்படி உருவாயிற்று என்பது தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு அது தெரியவில்லை.

இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தினால் திரையில் கிரகணம் வருகிறது. ஏன் வருகிறது, ஏன் மாதா மாதம் வருகிறது என்று கேட்காமல் விளையாடிக்கொண்டே போகும் மாணவனுக்கும் அந்தக் கணக்கருக்கும் என்ன வித்தியாசம்? கணக்கராவது அட்டவணையை மனப்பாடம் செய்தார். நாம் அதையும் செய்யவில்லை.

சனி எப்போது பெயர்ந்தார்?

தவறைத் திருத்திக்கொள்வது மேல்நாட்டார் கற்றுக்கொடுத்த பழக்கம் என்று எண்ண வேண்டாம். கேரளத்தில் பரமேசுவரர் என்ற வானநூலார் 1393 முதல் 1432 வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், கிரகணங்களைத் தம் கண்ணால் பார்த்துக் குறித்தார். பழைய கணக்கு பிசகுவதைக் கண்டு, 1431-இல் திருத்திய கணக்கை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'த்ருக்கணிதம்'. 'த்ருக்' என்றால் பார்வை. கண்ணால் பார்த்துச் சரி செய்த கணிதம் என்று பொருள். நாம் இன்று திருக்கணிதப் பஞ்சாங்கம் என்கிறோமே, அந்தப் பெயர் இதிலிருந்து வந்ததுதான்.

19-ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி இந்த வழியில் வந்தவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1868-ஆம் ஆண்டின் முழுச் சூரிய கிரகணத்தை நேரில் ஆராய்ந்தவர். வானாய்வுக் கூடத்தில் எடுத்த அளவுகளைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடி, தாமே திருத்திய பஞ்சாங்கம் வெளியிட்டார். பொது மக்களுக்காகச் சுக்கிரக் கடப்பைப் பற்றிப் பல மொழிகளில் சிறு நூலும் எழுதினார்.

ஆனாலும் நாம் இன்றுவரை இரண்டு பஞ்சாங்கங்களோடு வாழ்கிறோம். திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2023 ஜனவரி 17 அன்று நடந்து முடிந்தது. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் நம் காவிரிக் கரைத் திருநள்ளாற்றில் அதே பெயர்ச்சி விழா 2023 டிசம்பர் 20 அன்று நடந்தது. பதினொரு மாத இடைவெளி! திருநள்ளாற்றுக்குப் போகிறவர்களின் பக்தியைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. கணக்கைப் பற்றியே பேசுகிறேன். வானத்தில் சனி ஒன்றுதான். அது ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும்.

இந்த வேற்றுமையை நாம் ஏன் இவ்வளவு சுலபமாகச் சகித்துக்கொள்கிறோம்? ஒரு ராசிக்கும் அடுத்த ராசிக்கும் நடுவே வானத்தில் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. எனவே வெளியே போய்ப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள யாராலும் முடியாது. கிரகணம் அப்படியல்ல. பத்து மணிக்கு என்று சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கு வந்தால் தெருவில் நிற்கும் சிறுவனும் கண்டுபிடித்துவிடுவான். கிரகணம் என்பது கணக்குப் போடுபவனுக்கு வானம் வைக்கும் பரீட்சை. சோழிக் கணக்கானாலும் சரி, கம்ப்யூட்டர் கணக்கானாலும் சரி, அந்தப் பரீட்சையை எழுதித்தான் ஆக வேண்டும்.

மங்கள்யானின் கிரகணம்

"விளையாட்டில்தானே கலம் போயிற்று, என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். உண்மையான கலமும் கிரகணத்தில் போயிருக்கிறது. அது நம்முடைய கலம்.

2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அதன் பாதை வட்டமல்ல. மிகவும் நீண்ட நீள்வட்டம். ஒரு முனை செவ்வாய்க்குச் சில நூறு கி.மீ. உயரத்தில்; மறு முனை ஏறத்தாழ 77,000 கி.மீ. தொலைவில். கெப்ளரின் இரண்டாம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தொலை முனையில் கலம் மெதுவாக நகரும். அந்த மெதுவான பகுதி செவ்வாயின் நிழலில் விழுந்துவிட்டால் கிரகணம் மணிக்கணக்கில் நீளும். அவ்வளவு நேரம் தாங்க பேட்டரியால் முடியாது.

இதை முன்கூட்டியே கணக்கிட்ட நம் விஞ்ஞானிகள், 2017 ஜனவரியில் கலத்தின் பாதையைச் சற்றே மாற்றி ஒரு நீண்ட கிரகணத்திலிருந்து அதைக் காப்பாற்றினார்கள். ஆறு மாதம் உழைப்பதற்காகச் செய்த கலம் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் உழைத்தது. கடைசியில் 2022 ஏப்ரலில் வந்த ஒரு நீண்ட கிரகணத்துக்குப் பின் தொடர்பு அறுந்தது. எரிபொருளும் தீர்ந்திருக்க வேண்டும் என்றும், இனி கலத்தை மீட்க இயலாது என்றும் அந்த ஆண்டு அக்டோபரில் இஸ்ரோ தெரிவித்தது.

என் பக்கத்து வீட்டு மாணவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப நான் கலத்தை விடுறதுக்கு முன்னாடியே நிழல் எவ்வளவு நேரம் இருக்கும்னு கணக்குப் போட்டிருக்கணும், இல்லையா சார்?" என்றான். ஒரு பாடப் பகுதி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. கெர்பினின் விட்டம் அவனுக்குத் தெரியும். நிலாவின் வேகமும் தெரியும். விட்டத்தை வேகத்தால் வகுக்க வேண்டியதுதான். பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ 37 நிமிடம் வந்தது. அன்றிரவு பேட்டரியை அதற்கேற்ப மாற்றியிருப்பான் என்று நம்புகிறேன்.

கிரகணத்துக்கு அஞ்சுவது மட்டுமன்றி, கிரகணத்தைத் தானே உண்டாக்கவும் விண்கலங்கள் இப்போது கற்றுக்கொண்டுவிட்டன. ஐரோப்பியரின் 'புரோபா-3' என்ற இரட்டைக் கலம் 2024 டிசம்பர் 5 அன்று நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே புறப்பட்டது. ஒரு கலம் சூரியனை மறைக்க, 150 மீட்டர் பின்னே வரும் மற்றொரு கலம் அந்த நிழலில் நின்று சூரியனின் வெளிவளி மண்டலத்தைப் படம் எடுக்கிறது.

கதவைத் திறந்து விடுங்கள்

நான் சிறுவனாக இருந்தபோது, 1995 அக்டோபர் 24 அன்று காலையில் சூரிய கிரகணம் வந்தது. வட இந்தியாவில் சில இடங்களில் முழு கிரகணம்; நம் பக்கம் பகுதி கிரகணம். எங்கள் வீட்டில் கதவு ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டார்கள். ஊறுகாய் ஜாடிமேல் தர்ப்பைப் புல் போட்டார்கள். எங்களை உள்ளே உட்கார வைத்தார்கள். அது ஓட்டு வீடு. ஓட்டு இடுக்குகள் வழியாகச் சுவரில் எப்போதும் வட்ட வட்டமாக வெயில் விழும். அன்று பார்த்தால் ஒவ்வொரு வட்டமும் கடித்த அப்பளம்போல் இருந்தது! சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். பேசாமல் உட்காரச் சொல்லி அதட்டினார்கள்.

அந்தச் சுவரில் விழுந்தவை அத்தனையும் சூரியனின் பிம்பங்கள் என்றும், வீடே ஒரு ஊசித்துளைக் காமிராவாகிவிட்டது என்றும் எனக்குத் தெரிய ஐந்தாறு ஆண்டுகள் ஆயின. அன்றே ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

2019-ஆம் ஆண்டு கிரகணத்தின்போதும் பல வீடுகளில் கதவு சாத்தித்தான் இருந்தது. ஒரு வேற்றுமை உண்டு. உள்ளே இருந்த பிள்ளைகள் கையில் செல்போனில் கிரகணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு வெளியே உண்மையான கிரகணம் பார்ப்பாரின்றி நடந்துகொண்டிருந்தது. இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சாத்திய கதவுக்குள் பஞ்சாங்கத்தை நம்பி உட்கார்ந்தாலும் திரையை நம்பி உட்கார்ந்தாலும், வானத்தைப் பார்க்காதது ஒன்றுதான்.

சூரியனை வெறுங்கண்ணால் ஒருபோதும் பார்க்கக் கூடாது. பழைய எக்ஸ்-ரே பிலிம், கரி பூசிய கண்ணாடி எதுவும் வேண்டாம். தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி இருந்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் அம்மாவிடம் சல்லடையைக் கேட்டு வாங்கி வெயிலில் பிடியுங்கள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு கிரகணம் தரையில் விழும். சந்திர கிரகணத்துக்கோ எந்தத் தடையும் இல்லை. வெறுங்கண்ணே போதும்.

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் வந்தபோது எங்கள் மொட்டை மாடியில் மாணவர்கள் சிலரைக் கூட்டி வைத்திருந்தேன். நிழல் நிலாவைத் தொடும் நேரம் இரவு 9.57 என்று கணக்குச் சொன்னது. யாரும் யாரையும் கேட்காமல், தான் கண்ட நேரத்தைத் தன் நோட்டில் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. மேகம் நடு நடுவே தொந்தரவு செய்தது. பிறகு ஒப்பிட்டால் ஒருவருக்கொருவர் நான்கைந்து நிமிடம் வித்தியாசம்! பூமியின் நிழலுக்குக் கூரான விளிம்பு கிடையாது. காற்று மண்டலம் அதை மங்கலாக்கிவிடுகிறது. கண்ணால் பார்த்துச் சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அன்று அவர்கள் தெரிந்துகொண்டார்கள். 1825-ஆம் ஆண்டுக் கணக்கரின் 4 நிமிடத்தை இனி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 52 நிமிடத்தை மட்டும் விடவும் மாட்டார்கள்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இதுவே: கிரகண நாளில் பிள்ளைகளை வெளியே விடுங்கள். உங்களில் விளையாடுபவர்களுக்கு என் வேண்டுகோள்: தாராளமாக விளையாடுங்கள். ஆனால் திரையில் ஒரு கிரகணம் வந்தால், அது ஏன் வந்தது, மாதிரியில் எதை விட்டிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வானத்தில் ஒரு கிரகணம் வந்தால், கணக்கு சொன்ன நேரத்தையும் நீங்கள் கண்ட நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வாய்ப்புகள் காத்திருக்கின்றன. 2028 டிசம்பர் 31 அன்று இரவு 10 மணியை ஒட்டி, புத்தாண்டு பிறக்கும் முன், முழுச் சந்திர கிரகணம் நமக்குத் தெரியும். 2031 மே 21 அன்று வளையச் சூரிய கிரகணம் மதுரை, காரைக்குடி வழியாக வந்து நம் வேதாரண்யத்தைத் தொட்டுக் கடலுக்குள் போகும். இன்று ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் அப்போது கல்லூரி மாணவர்களாகவோ, வேலைக்குப் போகிறவர்களாகவோ இருப்பீர்கள். வேதாரண்யத்துக்கு இங்கிருந்து பஸ் உண்டு. நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மறக்காமல் சல்லடையையும்!